அப்பாருவின் டர்ன்டேபிளுக்கு எந்த ஆம்ப்? 500 வாட்ஸ் அசெம்பிள் செட்டா, கம்பெனி ஆம்பா, தனித்தனி ப்ரீஆம்ப் பவர் ஆம்பா?

கோபி வாய்க்கால்கரை

வணக்கமுங்க. எங்களுடையது கோபிக்கும் சத்திக்கும் நடுவில் ஒரு ஊர். அப்பாரு வாங்கிச் சேர்த்த எல்பி ரெக்கார்டுகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் நாதஸ்வரமும் தவிலும்தான், மீதி பழைய சினிமாப் பாட்டு, கொஞ்சம் கச்சேரி. கூடவே பெல்ட்டில் ஓடும் டர்ன்டேபிள் ஒன்று. ரொம்ப வருஷம் பரண் மேல் கிடந்ததை இறக்கித் துடைத்து பெல்ட் மாற்றியதும் தட்டு ஒழுங்காகச் சுற்றுகிறது. ஊசி பொருத்தியிருக்கும் தலைப்பகுதியில் பெயர் எதுவும் படிக்க முடியவில்லை. டிவிக்கு வைத்திருக்கும் சின்ன ஹோம் தியேட்டரில் ஆக்ஸில் சொருகிப் பார்த்தேன். வால்யூமைக் கடைசி வரை திருகினாலும் பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்கிறது, பாஸ் சுத்தமாக இல்லை, பாட்டை விட இரைச்சல்தான் எச்சாக வருகிறது.

பெரியப்பா பையன் கோயமுத்தூரில் இருக்கிறார், அவர் புதிதாக வாங்கிக்கொண்டு தன் பழைய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடியை எனக்குக் கொடுத்துவிட்டார். பின்னால் 8 ஓம்ஸ், 86 டெசிபல், 20 முதல் 100 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. வைக்கப்போவது ஆசாரத்தில், அதாவது கூடத்தில். தொட்டிக்கட்டு வீடு, ஓட்டுக்கூரை, சிவப்பு ரெட் ஆக்சைடு தரை, ஆசாரம் 24க்கு 14 அடி, ஒரு பக்கம் நடுமுற்றமான தொட்டியைப் பார்த்துத் திறந்தே இருக்கும். உட்காரும் இடம் ஸ்பீக்கரிலிருந்து 10 அடி வரும்.

இனி குழப்பத்தைச் சொல்கிறேன். ஈரோட்டில் ஒரு மெக்கானிக் 5200, 1943 ட்ரான்சிஸ்டர் போட்டு 500 வாட்ஸ் அசெம்பிள் செட் செய்து தருகிறேன் என்கிறார். கோயமுத்தூர் ஷோரூமில் ப்ரீஆம்பும் பவர் ஆம்பும் ஒரே பெட்டியில் வரும் இன்டகிரேட்டட் ஆம்ப் எடுங்கள் என்கிறார்கள், ஆனால் அதில் 45 வாட்ஸ், 60 வாட்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது, விலையோ அசெம்பிள் செட்டை விடப் பல மடங்கு. கூட வேலை செய்யும் ஒருவர் ப்ரீஆம்ப் தனி, பவர் ஆம்ப் தனி என்று எடுத்தால்தான் உண்மையான ஹை-ஃபை என்று அடித்துச் சொல்கிறார். இவ்வளவு பெரிய ஆசாரத்துக்கு 45 வாட்ஸ் எப்படிப் பத்தும்? ஆம்புக்கும் மற்ற சாமான்களுக்கும் சேர்த்து 45,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். இன்னொன்று, பக்கத்திலேயே தறி ஓடுகிறது, பொழுதோடு லைன் 195 வோல்ட்டுக்கு இறங்கும், ராத்திரி 245க்கு ஏறும். இதற்கும் என்ன செய்வதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்க.

சிங்காநல்லூர் சர்வீஸ்

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஆக்ஸில் சொருகினால் சத்தம் கம்மி, பாஸ் இல்லை என்றால் உங்கள் கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசி பொருத்திய அந்தத் தலைப்பகுதி, பெரும்பாலும் எம்எம், மூவிங் மேக்னட் வகை. அந்தக் கால எச்எம்வி, பிலிப்ஸ் பெட்டி ப்ளேயர்களில் அதிகம் வந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ், அது சில நூறு மில்லிவோல்ட் கொடுக்கும், ஆக்ஸிலேயே தாராளமாகப் பாடும். எம்எம் கொடுப்பது 5 மில்லிவோல்ட் அளவுதான். சிடி ப்ளேயர் கொடுப்பது 2 வோல்ட். நானூறு மடங்கு வித்தியாசம், அப்புறம் எப்படி ஹோம் தியேட்டரில் கேட்கும்? உறுதி செய்துகொள்ளத் தலைப்பகுதியின் பின்புறத்தைப் பாருங்கள். நாலு பின், அதில் வெள்ளை, நீலம், சிவப்பு, பச்சை என நாலு மெல்லிய வயர், ஊசி மட்டும் முன்பக்கம் இழுத்தால் கழன்று வரும் என்றால் எம்எம்தான். ஊசியைத் திருப்பிப் போட ஒரு குட்டி லீவர் இருந்து 78, எல்பி என்று குறித்திருந்தால் செராமிக்.

பாஸ் ஏன் இல்லை என்றால், எல்பி வெட்டும்போதே பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். பாஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி ஒரு பக்கத்தில் அடங்கும் நேரம் குறைந்துபோகும். ட்ரெபிளைக் கூட்டுவது, திரும்ப ஓட்டும்போது அதைக் குறைத்தால் கூடவே தட்டின் கீச்சு இரைச்சலும் குறையும் என்பதற்காக. 1954லிருந்து இதற்கு ஆர்ஐஏஏ வளைவு என்று ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 20 டெசிபல் கூட்டவும், 20 கிலோஹெர்ட்ஸில் அதே அளவு குறைக்கவும் வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப். நூறு மடங்கு, அதாவது 40 டெசிபல் பெருக்கி இந்த வளைவையும் சரி செய்து அனுப்பும். அதன் இன்புட் 47 கிலோ ஓம்ஸ் இருக்க வேண்டும். மைக் இன்புட்டில் சொருகினால் சத்தம் வரும், ஆனால் வளைவு சரியாகாததால் நாதஸ்வரம் காதைக் கிழிக்கும், அந்த வழிக்கே போக வேண்டாம்.

ஆக, உங்களுக்குத் தேவையான ப்ரீஆம்ப் இதுதான். கூட வேலை செய்பவர் சொல்கிற லைன் ப்ரீஆம்ப் வேறு. அது எந்த சோர்ஸ் என்று தேர்ந்தெடுக்கவும், வால்யூம் வைக்கவும், கொஞ்சம் கெயின், அதாவது பெருக்கம், கொடுக்கவும். நல்ல இன்டகிரேட்டட் ஆம்புக்குள் அது ஏற்கனவே இருக்கிறது. தனித்தனியாக எடுப்பதில் தப்பே இல்லை, பெரிய பவர் ஆம்ப் தேவைப்படுகிறவர்களுக்கும் பின்னால் ஒன்றை மட்டும் மாற்ற நினைக்கிறவர்களுக்கும் அது நல்லது. ஆனால் 45,000க்குள் இரண்டு டப்பா, இரண்டு பவர் சப்ளை, நடுவில் ஒரு கேபிள் என்று பணத்தைப் பங்கு போட்டால் இரண்டுமே சுமாராகத்தான் கிடைக்கும். கெயினும் பொருந்த வேண்டும். ஏற்கனவே 2 வோல்ட் கொடுக்கிற சோர்ஸுக்கு 20 டெசிபல் கெயின் ப்ரீஆம்ப் மாட்டினால் வால்யூமைத் தொட்டதுமே அலறும், குமிழின் முதல் கால்வாசியிலேயே காலம் தள்ள வேண்டும். மலிவான வால்யூம் கன்ட்ரோல்களில் அந்த இடத்தில்தான் இடதும் வலதும் சமமாக இருக்காது, ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்டால் பாட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும்.

அப்புறம் வாட்ஸ். 86 டெசிபல் என்பது 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்தது. நீங்கள் உட்காருவது 3 மீட்டரில். வெட்டவெளியில் அந்தத் தூரத்துக்கு 9.5 டெசிபல் குறையும், வீட்டுக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது, ஆனாலும் தொட்டிப் பக்கம் திறந்திருப்பதால் 9 என்றே வைப்போம். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்தால் 3 கூடும். ஆக ஒரு வாட்டுக்கு உங்கள் காதில் 80 டெசிபல். வீட்டில் நிறைவாகக் கேட்கிற சத்தம் 75ஐச் சுற்றித்தான் இருக்கும், அதற்கு வாட்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். தவிலில் ஒரு தட்டு விழும்போது சராசரியை விட 20 டெசிபல் எகிறும் என்று வைத்தாலும் 95, அதற்கு 32 வாட்ஸ். நேர்மையாகப் போட்ட 45 வாட்ஸ் ஏன் பத்தாது? 50லிருந்து 100க்குப் போனால் கூடுவது 3 டெசிபல். 500க்கே போனாலும் 10 டெசிபல், காதுக்கு இரண்டு மடங்கு, அதற்குள் 100 வாட்ஸ் ஸ்பீக்கர் கருகிவிடும். 1978ல் வந்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய என்ஏடி 3020க்கு ரேட்டிங் வெறும் 20 வாட்ஸ்தான், தெரிந்துகொள்ளுங்கள்.

கடையில் கேட்க வேண்டியது மாடலை விட இதைத்தான்: ஃபோனோ எம்எம் இன்புட் இருக்கிறதா, பின்னால் டர்ன்டேபிளின் எர்த் வயரை மாட்டும் ஜிஎன்டி திருகு இருக்கிறதா, 8 ஓம்ஸில் இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது எத்தனை வாட்ஸ். டெனான் பிஎம்ஏ-600என்இ, மராண்ட்ஸ் பிஎம்6007 இரண்டும் 45 வாட்ஸ், யமஹா ஏ-எஸ்301 60 வாட்ஸ், மூன்றிலும் ஃபோனோ உள்ளேயே இருக்கிறது. யமஹாவில் லவுட்னஸ் குமிழ் தனியாகத் திருகுகிற மாதிரி வரும். ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது நம் காதுக்குப் பாஸ் குறைந்து கேட்பதை அது ஈடுகட்டும், வீட்டில் பெரியவர்கள் தூங்குகிற நேரத்தில் கேட்பவர்களுக்கு நல்ல வசதி. விலை கடைக்குக் கடை மாறுகிறது, ஓடுகிற நிலையில் செகண்ட் ஹேண்ட் கிடைத்தாலும் யோசிக்கலாம், ஆனால் நேரில் போய் ஸ்பீக்கர் மாட்டிக் கேட்டு, எல்லாக் குமிழையும் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். பரணில் கிடந்த பழைய ஊசியோடு அப்பாருவின் ரெக்கார்டுகளை ஓட்டாதீர்கள். ஊசியைத் தாங்குகிற சின்ன ரப்பர் வருஷக்கணக்கில் காய்ந்து கட்டையாகியிருக்கும், தட்டின் பள்ளத்தை அது சுரண்டும், சுரண்டிய தட்டை எந்த ஆம்பும் திருப்பிக் கொடுக்காது. புது ஊசியோ புது கார்ட்ரிட்ஜோ போட்டு, அதற்குச் சொல்லியிருக்கிற எடை, பெரும்பாலும் 2 கிராமை ஒட்டி இருக்கும், அதைச் சின்னத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். ஆம்ப் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு இது.

காங்கேயம் சாலை

சர்வீஸ் அண்ணன் சொன்ன கணக்கு சரிங்க, ஆனால் அசெம்பிள் செட்டை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் கைவேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், கம்பெனி ஆம்ப் ஐந்து வருஷத்தில் போர்டு கிடைக்காமல் படுத்துக்கொள்ளும்போது அசெம்பிள் செட்டுக்கு எந்த ஊரிலும் சாமான் கிடைக்கும். பிரச்சினை அந்த 500 என்கிற நம்பரில்தான்.

மெக்கானிக்கிடம் ட்ரான்ஸ்பார்மர் என்ன என்று கேளுங்கள். 24-0-24, 3 ஆம்ப்ஸ் என்றால் அது 144 விஏ. அதிலிருந்து 500 வாட்ஸ் எப்படி வரும்? கிணற்றில் தண்ணீர் இல்லாமல் 10 எச்பி மோட்டார் இறக்குகிற கதைதான். 24 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் 34 வோல்ட்டை ஒட்டி வரும், ட்ரான்சிஸ்டர் தின்றது போக 30 வோல்ட் உச்சம் கிடைத்தாலும் 8 ஓம்ஸில் 56 வாட்ஸ், இரண்டு சேனலும் சேர்ந்து இழுத்தால் ட்ரான்ஸ்பார்மர் தொய்ந்து 40க்குப் பக்கத்தில் நிற்கும். அந்த நாற்பதே உங்களுக்குப் போதும் என்பதுதான் நல்ல செய்தி. அதனால் 500 வாட்ஸ் வேண்டாம் அண்ணா, சுத்தமான 50 வாட்ஸ் செய்து கொடுங்கள் என்று கேளுங்கள். கேட்கிற விதத்திலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

செய்கிறதாக இருந்தால் 24-0-24, 5 ஆம்ப்ஸ், காப்பர் வைண்டிங் ட்ரான்ஸ்பார்மர், டொராய்டல் கிடைத்தால் இன்னும் நல்லது. அலுமினிய வைண்டிங்கை மேலே வார்னிஷ் பூசி விற்கிறார்கள், எடையைத் தூக்கிப் பார்த்தாலே தெரியும். ஃபில்டர் கெப்பாசிட்டர் பிளஸ், மைனஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். 35 வோல்ட் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள், உங்கள் லைன் ராத்திரி 245க்கு ஏறும் என்கிறீர்கள், அப்போது உள்ளே டிசி 35ஐத் தொட்டுவிடும். 5200, 1943 டோஷிபா ஒரிஜினலா என்று பார்க்க வேண்டும், போலி நிறைய ஓடுகிறது, வெளியே எழுத்து ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே சில்லு பாதிதான் இருக்கும், ஒரு நாள் நோம்பி நேரத்தில் சத்தமாக வைத்தால் போய்விடும். போகும்போது சும்மா போகாது, முழு டிசியையும் ஸ்பீக்கருக்குள் தள்ளிவிட்டு ஊஃபர் காயிலையும் எரித்துவிட்டுத்தான் போகும். அதனால் ரிலே வைத்த ஸ்பீக்கர் ப்ரொடெக்‌ஷன் போர்டு கட்டாயம். நான் எந்தச் செட்டையும் முதல் முறை நேரடியாக லைனில் போடுவதில்லை, சீரிஸில் 60 வாட்ஸ் குண்டு பல்பு வைத்துத்தான். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி, அப்படியே எரிந்துகொண்டு நின்றால் உள்ளே ஷார்ட். அப்புறம் ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் அவுட்புட்டில் மல்டிமீட்டரை டிசியில் வைத்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.

கெட்டுப்போவது எப்போதும் ப்ரீஆம்ப் பக்கம்தான். பவர் ஆம்ப் நன்றாகச் செய்துவிட்டு, மலிவான 4558 ஐசி வைத்த டோன் போர்டை மெயின் சப்ளையிலிருந்தே ஒரு ரெசிஸ்டர், ஒரு ஜீனர் வைத்து 12 வோல்ட் இறக்கி ஓட்டிவிடுவார்கள். இரைச்சல் அங்கிருந்துதான் வரும். 5532 ஐசி, அதற்கென்று தனியாக 15-0-15 குட்டி ட்ரான்ஸ்பார்மர், 7815, 7915 ரெகுலேட்டர், இவ்வளவு செய்தால் போதும், பெரிய செலவில்லை. ஃபோனோ போர்டைத் தனித் தகர டப்பாவில் போட்டுப் பெரிய ட்ரான்ஸ்பார்மருக்கு எட்ட வைக்க வேண்டும், 5 மில்லிவோல்ட் சமாச்சாரம், பக்கத்தில் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் உள்ளே புகுந்துகொள்ளும். கிரவுண்ட் வயர்கள் எல்லாம் இரண்டு ஃபில்டர் கெப்பாசிட்டரும் சேர்கிற ஒரே புள்ளிக்கு வர வேண்டும். இதை எல்லாம் பொறுமையாகச் செய்கிற ஆள் கிடைத்தால் எடுங்கள், இல்லாவிட்டால் கம்பெனி ஆம்ப்தான் நிம்மதி.

பல்லடம் தறிக்காரர்

ஆம்ப் எது என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் லைனைப் பற்றிச் சொல்கிறேன். தறி ஓடுகிற இடத்திலேயே பாட்டுச் செட்டும் வைத்திருக்கிறேன்.

195லிருந்து 245 என்கிறீர்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த ஆம்ப் 195லும் பாடும், உச்ச சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 245லும் தாங்கும், சூடு சித்தெ கூடும். ஆனால் இன்னும் அதற்கு வெளியே போகிற நாள் உண்டென்றால் ஸ்டெபிலைசர் வையுங்கள். சர்வோ வகை விலை கூடுதல், ஆனால் மெதுவாக நகர்ந்து சரி செய்யும், ரிலே வகை டக் டக்கென்று தாவும்போது ஸ்பீக்கரில் கேட்கும். நான் அதை விட முக்கியமாக நினைப்பது நியூட்ரல் கட் ஆவதைத்தான். வீட்டுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது என்றால் காற்று மழையில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்ததும் ஒரு ஃபேஸில் 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம். வோல்டேஜ் கூடினால் தானே வெட்டிவிடுகிற கட் ஆஃப் ஒன்றை மெயின் பாக்ஸில் எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள், ஆம்புக்கு மட்டுமல்ல, வீட்டில் இருக்கிற ஃப்ரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து. சித்திரை வைகாசியில் இடி இறங்குகிற நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஆம்போடு டிவி கோர்த்திருந்தால் கேபிள் வயரையும் கழற்ற வேண்டும், அதன் வழியாகவும் வரும்.

இரைச்சல் விஷயம். டர்ன்டேபிளின் வயரோடு மெல்லிசாக இன்னொரு வயர், நுனியில் கவை மாதிரிக் கொக்கி, வந்திருக்க வேண்டும். ஹோம் தியேட்டரில் அதை மாட்ட இடம் இருந்திருக்காது, சும்மா தொங்கியிருக்கும், உங்கள் இரைச்சலில் பாதி அதுதான். ஆம்பின் ஜிஎன்டி திருகில் மாட்டினால் அடங்கும். மாட்டிய பிறகும் தாழ்ந்த குரலில் ஹம்மிங் இருந்தால் எங்கேயோ இரண்டு வழியில் எர்த் சேர்ந்து வட்டம் போட்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் பக்கம் நூற்றுக்குப் பாதி இடத்தில் குற்றவாளி கேபிள் டிவி செட்டாப் பாக்ஸ். அந்த உருண்டை வயரைக் கழற்றிப் பாருங்கள், டக்கென்று அமைதியானால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே ப்ளக் பாயின்டிலிருந்து எடுப்பதும் உதவும். வால்யூமைக் குறைத்தாலும் மாறாமல் ரீங்கரிக்கிறது என்றால் அது ஆம்புக்கு உள்ளே, 100 ஹெர்ட்ஸ், ஃபில்டர் கெப்பாசிட்டர் பழசாகியிருக்கலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் வந்ததும் மட்டும் இரைகிறது என்றால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், சைன் வேவ் மாற்றினால்தான் சரியாகும்.

சிலர் இரைச்சல் நிற்கிறது என்று மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்புப் பெட்டிக்குள் 230 வோல்ட் இருக்கிறது, ரெட் ஆக்சைடு தரையில் வெறுங்காலோடு குழந்தைகள் நடக்கிற வீடு. முதலில் ஒரு மல்டிமீட்டரில் ப்ளக் பாயின்டை அளந்து பாருங்கள், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் எவ்வளவு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் எவ்வளவு என்று. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும்.

கோபி வாய்க்கால்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தலைப்பகுதியில் நாலு பின், நீங்கள் சொன்ன அதே நாலு நிற வயர், ஊசி முன்னால் கழல்கிறது, எம்எம்தான். கவைக் கொக்கி வயரும் இருக்கிறது, சுருட்டி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள், இத்தனை நாளும் அது எதற்கென்றே தெரியவில்லை.

மல்டிமீட்டர் கடன் வாங்கி எலக்ட்ரீஷியனோடு அளந்தேன். ஃபேஸ் நியூட்ரல் 226, ஃபேஸ் எர்த் 140தான் காட்டுகிறது. இது மோசமா? அப்புறம் ஒரு கேள்வி. ஆம்பில் ஃபோனோ இருந்தும் தனியாக ஃபோனோ ப்ரீஆம்ப் டப்பா வாங்கினால் இன்னும் நன்றாக இருக்குமா? டர்ன்டேபிளை ஆசாரத்தின் மறு கோடியில் திண்ணையை ஒட்டி வைத்துவிட்டு நீள வயர் இழுக்கலாம் என்றும் ஒரு எண்ணம்.

பல்லடம் தறிக்காரர்

மோசம்தான். உங்கள் எர்த் பெயருக்குத்தான் இருக்கிறது. செம்மண் கோடையில் காய்ந்துபோனால் இப்படி ஆகும், குழிக்குள் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தாலும் ஆகும். குழியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, வாரத்துக்கு ஒரு முறை ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் தேறிவிடும், இல்லாவிட்டால் புதுக் குழி. கூடவே, கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடுகிற ஆர்சிசிபி இல்லை என்றால் போட்டுவிடுங்கள். ஆம்ப் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இதை முடியுங்கள்.

பவானி கூடுதுறை

தம்பி, ஒருவரும் ஆசாரத்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் வீடும் பழைய வீடுதான். ஓட்டுக்கூரை சரிவாகவும் உயரமாகவும் இருப்பது உங்களுக்கு அதிர்ஷ்டம், கான்கிரீட் தளம் போட்ட சதுர அறையில் வருகிற அந்த பூம் பூம் பாஸ் இங்கே வராது, தொட்டி வழியாகவும் பாஸ் வெளியே போய்விடும். கஷ்டம் கொடுக்கப்போவது தரைதான். ரெட் ஆக்சைடில் கைதட்டினால் திரும்ப ஒரு கிணுகிணுப்பு கேட்கும் பாருங்கள், நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அதுதான் குத்தும். அதை ஆம்பில் ட்ரெபிளைக் குறைத்துச் சரிசெய்யப் பார்த்தால் தவிலின் வலந்தலை மங்கிவிடும்.

ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவில் தரையில் விரிக்க வேண்டும். எங்கள் ஊர் ஜமக்காளத்தை விரியுங்கள் என்று ஆசையாகச் சொல்லுவேன், ஆனால் ஒற்றை ஜமக்காளம் மெலிசு, மேல் சத்தத்தைக் கொஞ்சம் குடிக்கும், அதற்குக் கீழே ஒன்றும் செய்யாது. அடியில் பழைய இலவம்பஞ்சு மெத்தையையோ நாலாக மடித்த போர்வையையோ போட்டு மேலே ஜமக்காளம் விரித்தால் நன்றாக வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கருக்கு நேர் எதிர்ச் சுவரில் அந்த ரெக்கார்டு பீரோவை வைக்காமல் திறந்த அலமாரியாக வைத்துத் தட்டுகளை நிற்க வைத்து அடுக்கினால் அதுவும் சத்தத்தைச் சிதறடிக்கும், தட்டுகளும் படுக்க வைத்து வளையாமல் இருக்கும்.

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல் ரெண்டு அடியாவது முன்னால் இழுங்கள், ட்வீட்டர் உட்கார்ந்த நிலையில் காது உயரத்துக்கு வரட்டும். இரண்டுக்கும் நடுவே 7, 8 அடி விட்டு, முகத்தை உங்கள் பக்கம் லேசாகத் திருப்பிவிட்டு, ஒரு குரல் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். பாடுகிறவர் நடுவில் நிற்க வேண்டும். குரல் எங்கே என்று பிடிபடாமல் பரந்து, பாஸும் மெலிந்து கேட்டால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது.

சிங்காநல்லூர் சர்வீஸ்

அக்கா சொன்னதைச் செய்தாலே பாதி ஆம்ப் மாற்றியதற்குச் சமம்.

தனி ஃபோனோ டப்பா இப்போது வேண்டாம். இந்த விலையில் வருகிற நல்ல ஆம்புக்குள் இருக்கிற ஃபோனோ எம்எம் கார்ட்ரிட்ஜுக்குத் தாராளம். நாளைக்கு எம்சி, அதாவது மூவிங் காயில் கார்ட்ரிட்ஜுக்குப் போனால், அது 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான் கொடுக்கும், 60 டெசிபல் கெயின் வேண்டும், அப்போது வாங்கிக்கொள்ளலாம். அல்லது ஃபோனோ இல்லாத நல்ல பழைய ஆம்ப் மலிவாகக் கிடைத்தால் அப்போதும் வாங்கலாம், டப்பாவின் அவுட்டை ஆக்ஸில் சொருக வேண்டும். ஃபோனோ இன்புட்டில் சொருகிவிட்டால் இரண்டு முறை பெருகி அலறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

நீள வயரை டர்ன்டேபிளிலிருந்து இழுக்காதீர்கள். 5 மில்லிவோல்ட் போகிற வயர் நீளமானால் இரைச்சலும் ஏறும், வயரின் கெப்பாசிட்டன்ஸ் கூடி எம்எம்மின் மேல் சத்தமும் மாறும். ஒரு மீட்டர், அதற்குள் இருந்தால் நல்லது. டர்ன்டேபிளும் ஆம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம், ஆம்பின் ட்ரான்ஸ்பார்மர் ஊசித்தலைக்கு ஓர் அடியாவது தள்ளியிருக்க வேண்டும், ஆம்புக்கு மேலே காற்றுப் போகவும் இடம் வேண்டும். நீளமாக இழுக்க வேண்டியது ஸ்பீக்கர் வயரை. வீட்டு வயரிங் கடையில் கிடைக்கிற 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போதும், 10 மீட்டர் இழுத்தாலும் போக வர 0.15 ஓம்ஸ்தான் வரும், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்கிற ஸ்பீக்கர் வயருக்குப் போடுகிற காசை ஊசிக்குப் போடுங்கள்.

டர்ன்டேபிளுக்குச் சுவரில் ஒரு தனிக் கருங்கல் பலகை அடித்து அதன்மேல் வைக்க முடிந்தால் வையுங்கள், ஸ்பீக்கர் அதிர்வு ஊசிக்குப் போகாது. மாட்டும்போது ஆம்ப் ஆஃப், வால்யூம் பூஜ்யம், ஜிஎன்டி கொக்கியை முதலில் மாட்டி அப்புறம் சிவப்பு, வெள்ளை பின்கள், கடைசியில் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் வயரின் நுனியில் ஒரு இழை கூட பக்கத்துத் திருகைத் தொடாமல் முறுக்கி மாட்டுங்கள். எர்த் வேலை முடிந்ததும் அளந்த நம்பரை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு ஆம்பை ஆன் செய்யலாம்.